நாலு கிலோ பார்லியும் ஒரு சனிக்கிழமையும்

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை. இங்கிலாந்தின் நார்விச்சில் காலை ஏழு மணிக்கு இன்னும் இருட்டு விலகவில்லை, கராஜுக்குள் தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டியது, நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு 11 லிட்டர் தண்ணீர் சூடாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு மூட்டையில் நாலு கிலோ பார்லி. இதிலிருந்து பீர் வரப்போகிறது, நடுவில் டின் கிடையாது, பாகு கிடையாது, வெறும் தானியமும் தண்ணீரும்தான் என்ற நினைப்பே முந்தைய நாள் இரவு என்னைச் சரியாகத் தூங்கவிடவில்லை.

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை செய்த பதினோரு தடவையும் கிட் வைத்துத்தான். கடையில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வரும் டின் ஒன்று கிடைக்கும், உள்ளே வெல்லப்பாகு பதத்தில் கருப்பாக மால்ட் சாறு இருக்கும், அதை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, வாளி நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடி வைத்தால் மூன்று வாரத்தில் குடிக்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பீரும் வந்திருக்கிறது. ஆனால் அந்த டின்னுக்குள் போவதற்கு முன்னால்தான் முக்கியமான வேலையெல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது என்பது போகப்போகத்தான் எனக்குப் புரிந்தது. தானியத்தில் இருக்கும் மாவு இனிப்பாக மாறும் அந்த ஒரு மணி நேரத்தை யாரோ ஒரு தொழிற்சாலையில் எனக்காகச் செய்து, வற்றக் காய்ச்சி, அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். டின் இல்லாமல் முழுக்கத் தானியத்திலிருந்தே காய்ச்சும் ஆல் கிரெய்ன் முறைக்கு மாற எனக்கு வேறு காரணம் கிடையாது.

தைரியம் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதுகளிலிருந்து வீட்டிலேயே காய்ச்சுகிறவர். இங்கிலாந்தில் 1963 வரைக்கும் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியிருந்தது, அந்த வருஷம்தான் அதை எடுத்தார்கள், இப்போது விற்காதவரை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம் என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். (தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு: அங்கே சட்டம் இதற்கு இடம் தராது. வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.) அடியில் குழாய் பொருத்திய தன் பழைய கூல் பாக்ஸையும், ஒரு செம்புச் சுருளையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அவசரப்படாதே, குழாயை மெதுவாகத் திற" என்றார். அதை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

பார்லி ரகம் மாரிஸ் ஆட்டர். 1960களில் கேம்பிரிட்ஜில் இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது, அந்த நிலையம் இருந்த மாரிஸ் லேன் என்ற தெருவின் பெயர்தான் முதல் பாதி. ஏக்கருக்கு விளைச்சல் அதிகம் தரும் புது ரகங்கள் எத்தனையோ வந்த பிறகும், இங்கே பாரம்பரிய ஏல் (இங்கிலாந்தின் பழைய பீர் வகை) காய்ச்சுகிறவர்கள் இதை விட மனசில்லாமல் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் நார்ஃபோக் கவுண்டியின் மணல் கலந்த மண்ணில் நன்றாக வரும் பார்லி. நான் இருக்கும் ஊரைச் சுற்றி ஜூன் மாதத்தில் காரில் போனால் இருபுறமும் அலையடிக்கிற வயல்களில் பாதி பார்லிதான், அதில் ஒரு பிடி இப்போது என் கராஜில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். 3.8 கிலோ மாரிஸ் ஆட்டர், நிறத்துக்கும் லேசான கேரமல் ருசிக்கும் 200 கிராம் கிரிஸ்டல் மால்ட். கடையிலேயே உடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மூட்டையைப் பிரித்ததும் வந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. எங்கே என்று பிடிபடாமல் ஒரு கை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மனைவி மோந்து பார்த்த உடனே சொல்லிவிட்டாள். "என்னங்க, இது பாப்பா கைக்குழந்தையா இருக்கும்போது அத்தை அனுப்பின கேழ்வரகு மாவு வாசனை." அதேதான். அம்மா கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, வாணலியில் லேசாக வறுத்து அரைத்து அனுப்புவார். மால்ட் என்பது அதுவேதான்: பார்லியை நனைத்து, முளைக்கவிட்டு, சரியான நேரத்தில் சூடுகாட்டி நிறுத்துவது. முளைக்கும்போது அந்த விதை தனக்குள் இருக்கும் மாவை உடைத்துச் சாப்பிட என்சைம்களைத் தயார் செய்துகொள்கிறது. முளைகட்டின கேழ்வரகில் காய்ச்சும் கஞ்சி கட்டியாகாமல் இளக்கமாகவும், சர்க்கரை போடாமலே லேசாக இனிப்பாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம். அம்மாவுக்கு என்சைம் என்ற சொல் தெரியாது. ஆனால் முளை எவ்வளவு நீளம் வந்ததும் நிறுத்த வேண்டும் என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார்.

தண்ணீரைப் பற்றி நாலு வரி. எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருகிறது, கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படியும். இந்த மாதிரித் தண்ணீரில் வெளிர் நிற மால்ட்டை மட்டும் ஊறவைத்தால் அமிலத்தன்மை போதாமல் போய்விடும், மேஷ், அதாவது பார்லியும் வெந்நீரும் சேர்ந்து ஊறும் கலவை, 5.2-லிருந்து 5.5 பிஹெச்சுக்குள் நிற்காது. கருக வறுத்த மால்ட் அதைச் சரிக்கட்டும் என்பதால்தான் லண்டனிலும் டப்ளினிலும் கருப்பு பீர்கள் வளர்ந்தன, ஜிப்சம் நிறைந்த பர்ட்டன் ஊர்க் கிணற்று நீரில் வெளிர் ஏல் பேர் வாங்கியது. நான் அளவு பார்த்துக் கொஞ்சம் அமிலம் சேர்த்தேன். கூடவே குளோரினை எடுக்க அரை கேம்டன் மாத்திரை. இந்த மாத்திரையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், குளோரின் மால்ட்டோடு சேர்ந்தால் பீரில் ஆஸ்பத்திரி வாசனை வரும், எத்தனை மாதம் வைத்திருந்தாலும் போகாது.

சரி, மேஷ். உடைத்த பார்லியும் வெந்நீரும் கலந்து 66 டிகிரியில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். ஏன் 66 என்றால், உள்ளே இரண்டு வகை என்சைம் வேலை செய்கிறது. பீட்டா அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியை நுனியிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கத்தரித்து ஈஸ்ட் விரும்பிச் சாப்பிடும் மால்டோஸாக மாற்றும், அதற்கு 60-லிருந்து 65 டிகிரி வரை பிடிக்கும். ஆல்ஃபா அமைலேஸ் கண்ட இடத்தில் வெட்டும், அதற்கு 70 பக்கம் பிடிக்கும், அது விட்டுவைக்கும் பெரிய துண்டுகளை ஈஸ்டால் தொட முடியாது, அவை பீரிலேயே தங்கி நாக்கில் ஒரு கனத்தைக் கொடுக்கும். சூடு குறைந்தால் பீர் வறண்டு போகும், கூடினால் கனத்து இனிக்கும். 66 இரண்டுக்கும் நடுவில். மூன்று டிகிரி அப்படி இப்படிப் போனால் வேறு பீர்.

கணக்குப்படி தண்ணீர் 73.5 டிகிரியில் இருந்தால் தானியம் சேர்ந்ததும் 66-க்கு இறங்கி நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் நான் தானியம் 16 டிகிரி என்று போட்டிருந்தேன். ஆனால் மூட்டை இரவு முழுக்க அந்த 6 டிகிரி கராஜில் கிடந்திருக்கிறது, கூல் பாக்ஸும் அதே குளிரில் இருந்தது. தண்ணீரை ஊற்றி, பார்லியைக் கொட்டிக்கொண்டே மரக்கரண்டியால் கிண்டி, கட்டியெல்லாம் உடைத்துவிட்டுத் தெர்மாமீட்டரைச் செருகினால் 62. வயிறு கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒன்றரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டி, ஒருவழியாக 66-க்குக் கொண்டுவந்தேன். பதினைந்து நிமிஷம் அதில் போய்விட்டது. மூடியை மூடி, அதன் மேல் பழைய கம்பளி இரண்டைச் சுற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

இனி அந்த ஒரு மணி நேரம். எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது.

சும்மா உட்கார முடியவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியை ஒரு ஓரம் தூக்கி ஒரு ஸ்பூன் எடுத்து ஆறவைத்து ருசி பார்த்தேன் (சூடு போய்விடும், அடிக்கடி திறக்கக் கூடாது, தெரிந்தேதான் திறந்தேன்). முதல் ஸ்பூன் கலங்கலாக, மைதா கரைத்த தண்ணீர் மாதிரி, பல்லில் மாவு ஒட்டியது. இனிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. இருபதாவது நிமிஷத்தில் அதே ஸ்பூனில் கரும்பை மென்ற பிறகு வாயில் மிஞ்சும் அளவுக்கு ஒரு லேசான தித்திப்பு. நாற்பதாவது நிமிஷத்தில் நாக்கில் பட்டதும் நான் ஸ்பூனைத் திரும்பிப் பார்த்தேன். பால் சேர்க்காத ஹார்லிக்ஸை கெட்டியாகக் கரைத்தது போல, தேன் வாசனையோடு, பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டுகிற இனிப்பு. வெளியிலிருந்து ஒரு துளி சர்க்கரை போடவில்லை, அடுப்பு இல்லை, கிண்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மூடி வைத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை, உள்ளே மாவு தானாகவே சர்க்கரை ஆகிக்கொண்டிருந்தது.

அயோடின் சோதனையும் செய்தேன். வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டு மேஷ் தண்ணீர், அதன் மேல் ஒரு சொட்டு அயோடின். தொடக்கத்தில் எடுத்த சொட்டு பள்ளிக்கூட லேபில் சோற்றுக்கஞ்சியில் பார்த்த அதே நீலக்கருப்பு. ஒரு மணி நேரம் முடிந்ததும் எடுத்த சொட்டில் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே இருந்தது. இரண்டு சொட்டும் ஒரே சாஸரில் பக்கத்தில் பக்கத்தில். மனைவியையும் பாப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். (அந்தச் சாஸரில் இருப்பதைக் கீழே கொட்டிவிட வேண்டும், திரும்ப மேஷில் சேர்க்கக் கூடாது.)

அடுத்தது வடிப்பது. இங்கேதான் பெரியவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கூல் பாக்ஸின் அடியில் சல்லடைக் குழாய் இருக்கிறது, குழாயைத் திறந்தால் இனிப்புத் தண்ணீர், இவர்கள் ஒர்ட் என்கிறார்கள், வடிந்து வரும், உமியும் சக்கையும் மேலே தங்கி அதுவே வடிகட்டியாக வேலை செய்யும். முதலில் வரும் கலங்கல் இரண்டு ஜக்கை மேலேயே திருப்பி ஊற்றினேன், தெளிந்து வந்தது, அழகான தேன் நிறம். அந்த நிறத்தைப் பார்த்த ஆசையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். வேகமாகக் கொட்டியது, அப்புறம் நூல் மாதிரி ஆனது, அப்புறம் சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. சக்கை முழுவதும் கீழே இழுபட்டு, சல்லடை மேல் அடை தட்டினது போல அமுங்கி உட்கார்ந்துவிட்டது. குழாய்க்குள் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆசையாய்ச் சேர்த்த இனிப்பு அத்தனையும் அந்தச் சேற்றுக்குள் நிற்கிறது, பத்து மணி வரை நான் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியவருக்குப் போன் செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, குழாயை மூடச் சொன்னார். 76 டிகிரித் தண்ணீரில் நாலு லிட்டர் ஊற்றி, அடி வரை கரண்டியை விட்டு எல்லாவற்றையும் மறுபடி கிளறச் சொன்னார். பத்து நிமிஷம் அசையாமல் விடு, அப்புறம் குழாயைக் கால் திருப்புக்கு மேல் திறக்காதே. அப்படியே செய்தோம். பென்சில் கனத்துக்குக்கூட வராத ஒரு ஒழுக்கு வந்தது, நிற்காமல் வந்தது. மீதித் தண்ணீரை ஜக்கில் மொண்டு மேலே மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தேன், 25 லிட்டர் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் அதற்கு மேல் சூடாக இருந்தால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடுமாம், அதனால்தான் 76.

அவர் போகும்போது சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பார்லிக்கு உமி உண்டு, கோதுமைக்கு இல்லை. அதனால் கோதுமை பீர் காய்ச்சுகிறவர்கள் மேஷ் இப்படி அடைத்துக்கொள்ளாமல் இருக்க நெல் உமி கலக்கிறார்கள், கடையில் பாக்கெட் போட்டு விற்கிறது. தாத்தா வீட்டு ரைஸ் மில்லுக்குப் பின்னால் உமி ஆளுயரத்துக்கு மலை மாதிரி குவிந்து கிடக்கும், நாங்கள் அதில் குதித்து விளையாடியிருக்கிறோம், உடம்பெல்லாம் அரிக்கும். அது நார்விச்சில் பாக்கெட்டில் கிடைக்கிறது. அடுத்த தடவை அரைக் கிலோ வாங்கி வைப்பேன்.

கொதிக்க வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொதி வரும் அந்த நிமிஷம் மட்டும் பக்கத்திலிருந்து நகரக் கூடாது. பழுப்பு நுரை விளிம்பு வரை ஏறிவிட்டது. சமையலறை வாசலில் நின்றிருந்த பாப்பா "அப்பா, பொங்குது பொங்குது!" என்று கத்தினாள், நாலு நாள் முன்னால் அடுப்பில் பால் பொங்கியதைப் பார்த்த கண் அது. தண்ணீர் தெளித்ததும் அடங்கியது. ஆரம்பத்தில் 40 கிராம் கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), கென்ட் பக்கம் விளைவது, கசப்புக்கு. கடைசி பத்து நிமிஷம் இருக்கும்போது 20 கிராம் ஃபகிள்ஸ் என்ற இன்னொரு ரகம், வாசனைக்கு. அதைப் போட்டதும் கராஜ் முழுக்க ஈரமண்ணும் பச்சிலையும் கலந்த மாதிரி ஒரு மணம் எழுந்தது. அப்புறம் செம்புச் சுருளை உள்ளே இறக்கி, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டு ஆறவைத்தேன், ஜனவரித் தண்ணீர் என்பதால் இருபத்தைந்து நிமிஷத்தில் 20 டிகிரிக்கு வந்துவிட்டது. இதில் வேகம் முக்கியம், மெதுவாக ஆறினால் அதற்குள் வேண்டாத கிருமிகள் குடியேறிவிடும்.

ஒர்ட்டில் எவ்வளவு இனிப்பு கரைந்திருக்கிறது என்று அடர்த்தியை வைத்துச் சொல்லும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன், வெறும் தண்ணீர் என்றால் 1.000 காட்டும். நான் எதிர்பார்த்தது 1.042. வந்தது 1.036. தானியத்தில் இருக்கும் இனிப்பில் எழுபது சதவீதமாவது எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன், அறுபதுதான் எடுத்திருக்கிறேன். மீதி அந்த அமுங்கிப்போன சக்கையிலேயே தங்கிவிட்டது. கொஞ்ச நேரம் வருத்தமாகத்தான் இருந்தது. சர்க்கரை சேர்த்து அந்த 1.036-ஐக் கூட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம் என்று விட்டேன். எல்லாம் பார்லியிலிருந்தே வந்தது, அப்படியே இருக்கட்டும். பெரியவரும், அந்தக் காலத்தில் ஆர்டினரி பிட்டர் என்று பப்பில் ஊற்றியது இந்த அளவுதான், நல்ல அளவு என்றார்.

20 லிட்டரில் சஃபேல் எஸ்-04 ஈஸ்ட் ஒரு பாக்கெட் தூவி, கராஜ் குளிரில் வைக்காமல் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தேன், அங்கே 19 டிகிரி. மறுநாள் காலையில் வாளி மூடியில் வாயுவை வெளியே விடும் காற்றுப் பூட்டு குமிழி விடும் சத்தம் ஹால் வரை கேட்டது. மூன்று நாள் அமர்க்களமாக இருந்து அடங்கியது. இரண்டு வாரம் கழித்து அளந்தபோது 1.010, அதாவது சுமார் 3.4 சதவீத ஆல்கஹால். பாட்டிலுக்குள் நுரை உண்டாக மட்டும் 75 கிராம் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து பாட்டிலில் அடைத்தேன், அரை லிட்டர் பாட்டில் 38 வந்தது.

பிப்ரவரி கடைசியில் முதல் பாட்டிலைத் திறந்தேன். செம்பு நிறம், நுரை கொஞ்சம்தான். கிட் பீரில் எப்போதும் எனக்குத் தட்டுப்படும் ஒரு பழைய காகித ருசி இருக்குமே, அது இல்லை. முதலில் பிஸ்கட், அதற்குப் பின்னால் சுட்ட ரொட்டியின் ஓரம், கடைசியில் அந்த ஃபகிள்ஸின் மண் வாசனையோடு கசப்பு சுத்தமாக வந்து முடிகிறது. இனிப்பு முழுக்க ஈஸ்ட் சாப்பிட்டுவிட்டது, ஆனால் அந்த நாற்பதாவது நிமிஷ ஸ்பூனில் இருந்த வாசனை அடியில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தேடினால் கிடைக்கிறது. மனைவிக்குப் பீர் பிடிக்காது, மோந்து மட்டும் பார்த்துவிட்டு "கேழ்வரகு இன்னும் இருக்குங்க" என்றாள்.

பெரியவருக்கு ஆறு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒன்றைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, பாதி டம்ளர் வரை ஒன்றும் பேசாமல் குடித்தார். அப்புறம், "மேஷ் எத்தனை டிகிரியில் நின்றது?" என்று கேட்டார். 62-ல் ஆரம்பித்து 66 என்றேன். தலையாட்டிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார். போன வாரம் ஆறு காலி பாட்டிலும் கழுவிக் காயவைத்து எங்கள் வாசலில் வைத்திருந்தது, கூடவே ஒரு உறையில் அவர் தோட்டத்தில் விளைந்து உலர்த்திய ஹாப்ஸ், ஒரு கைப்பிடி.